சந்தேகம் யாருக்கு? 'டவுட்', 'ஷ்யூர்', 'செர்ட்டன்' பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் 'ஐ ஆம் டவுட்ஃபுல் அபவுட் திஸ் ஃபிகர்' என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் அதை 'ஐ ஆம் டவுட்டட்' என்று மாற்றச் சொன்னார். மேலாளர் 'டூபியஸ்' போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார். உங்களுக்குக் குழப்பமாகிவிட்டது. சந்தேகத்துக்கும் உறுதிக்கும் ஆங்கிலத்தில் எத்தனை சொல், எத்தனை வடிவம், ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலை அகராதியே தந்துவிடும். உங்களை உறுத்துவது வேறு: பொருள் ஒன்றுபோலத் தெரியும் சொற்களில் ஒன்று உட்காருகிறது, இன்னொன்று இடிக்கிறது, அது ஏன்? அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ், ஆங்கில மொழிபெயர்ப்புகளைத் திருத்துகிறவன். ஒப்பந்தம், வங்கிக் கடிதம், ஆய்வறிக்கை என்று பெரும்பாலும் வறண்ட சமாச்சாரம். மொழியியல் முறையாகப் படிக்கவில்லை. அதனால் கலைச்சொல் குறைவாகவும் எடுத்துக்காட்டு கூடுதலாகவும் இருக்கும். என் காது பிரிட்டிஷ் வழக்குக்கும் நம் ஊர் ஆங்கிலத்துக்கும் பழகியது. அமெரிக்கர்களோடு மட்டுமே கடிதம் எழுதுகிறவர்கள் நான் சொல்வதில் ஓரிரண்டு இடங்களில் வேறுபடலாம். அந்த இடங்கள் வரும்போது சொல்கிறேன்.

சுருக்கமான விடை வேண்டுமென்றால், நீங்கள் எழுதியது சரி. 'ஐ ஆம் டவுட்டட்' என்றால் 'என்னைச் சந்தேகிக்கிறார்கள்' என்று பொருள். நீங்கள் ஒரு எண்ணைப் பற்றிப் பேச வந்தீர்கள், அவர் உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. 'கன்ஃப்யூஸ்ட்', 'வொரீட்', 'கன்வின்ஸ்ட்' என்று மனநிலையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் நிறைய 'எட்' விகுதியில் முடிகின்றன. இவையெல்லாம் ஏதோ ஒன்று நம்மைக் குழப்பியது, கவலைப்படுத்தியது, நம்பவைத்தது என்பதிலிருந்து வருபவை. 'டவுட்' அப்படிப்பட்ட வினை இல்லை. சந்தேகம் நம்மை வந்து பிடிப்பதில்லை, நாம்தான் ஒன்றைச் சந்தேகிக்கிறோம். எனவே 'டவுட்டட்' ஆவது சந்தேகிக்கப்படும் ஆள் அல்லது பொருள். நமக்கு மிச்சமிருப்பது 'டவுட்ஃபுல்'.

இந்தக் குடும்பத்தில் எந்தச் சொல்லை எடுத்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: சந்தேகம் யாருக்கு? எவ்வளவு சந்தேகம் என்பதெல்லாம் அப்புறம். தமிழில் இதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்றால் 'கு' உருபு நிற்கிற இடத்தில் ஆள் நிற்கிறார், முடிந்தது. 'அவர் வருவது சந்தேகம்' என்றால் ஆள் மறைந்து விஷயம் மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் 'கு' கிடையாது. ஆளும் எழுவாயாக வருவார், விஷயமும் எழுவாயாக வரும், சில சமயம் இரண்டும் ஒரே அச்சில் வந்து நிற்கும். எந்தச் சொல் ஆளை ஏற்கும், எது விஷயத்தை ஏற்கும், எது இரண்டையும் ஏற்கும் என்பதை ஒவ்வொன்றாகப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

'அன்ஷ்யூர்' ஆளுக்கு மட்டும். 'ஐ ஆம் அன்ஷ்யூர்' சரி, 'த வெதர் இஸ் அன்ஷ்யூர்' கிடையாது. வானிலைக்கு 'அன்செர்ட்டன்' வேண்டும். 'அன்செர்ட்டன்' தாராளமான சொல், ஆளுக்கும் ஆகும், எதிர்காலத்துக்கும் ஆகும். 'டவுட்ஃபுல்' அதேபோல இரண்டு பக்கமும் போகும். 'ஐ ஆம் டவுட்ஃபுல்' என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு. 'த ரிசல்ட் இஸ் டவுட்ஃபுல்' என்றால் முடிவு எப்படிப் போகுமோ தெரியாது, யாருக்கு என்ற கேள்வியே இல்லை. இந்த இரண்டாவது பயன்பாட்டுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் வங்கித் துறையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி வாராக்கடன் மூன்று வகைப்படும்: சப்-ஸ்டாண்டர்ட், டவுட்ஃபுல், லாஸ். ஒரு கடன் சப்-ஸ்டாண்டர்ட் நிலையில் 12 மாதம் கிடந்துவிட்டால் அது டவுட்ஃபுல் ஆகிவிடும். கிளை மேலாளரின் மனசுக்குள் சந்தேகம் இருக்கிறதா, இல்லையா, கடன் வாங்கியவர் அவருடைய சொந்த மாமாவா என்பதெல்லாம் கணக்கில் வராது. காலண்டர் போதும். இப்படிப்பட்ட ஒரு கடிதத்தை ஒரு மொழிபெயர்ப்பாளர் 'தங்கள் கடன் மீது எங்களுக்குச் சந்தேகம் எழுந்துள்ளது' என்று தமிழாக்கியிருந்தார். வாங்கியவர் படித்திருந்தால் வழக்குப் போட்டிருப்பார்.

'டூபியஸ்' விஷயம் கொஞ்சம் விஷமமானது. இதுவும் ஆளையும் பொருளையும் ஏற்கும். 'ஐ ஆம் டூபியஸ் அபவுட் இட்' என்றால் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை என்பதோடு சரி, 'டவுட்ஃபுல்'லுக்குப் பக்கத்து வீடு. ஆனால் ஒரு பொருளுக்கோ கணக்குக்கோ முன்னால் அடைமொழியாகப் போட்டால் ஒரு நாற்றம் சேர்ந்துவிடுகிறது. 'எ டவுட்ஃபுல் க்ளெய்ம்' என்றால் நிலைக்குமா தெரியாத கோரிக்கை. 'எ டூபியஸ் க்ளெய்ம்' என்றால் இதில் ஏதோ கோல்மால் இருக்கிறது. 'சஸ்பிஷியஸ்' இன்னும் மோசம். 'எ சஸ்பிஷியஸ் மேன்' என்ற மூன்று சொல்லைத் தமிழாக்கச் சொன்னால் இரண்டு நேரெதிரான விடை வரும், இரண்டும் சரி. ஒருவர் எல்லோரையும் சந்தேகப்படுகிற சந்தேகப் பிராணி. இன்னொருவர் ஏடிஎம் வாசலில் நின்று சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொண்டவர். எது என்று பக்கத்து வாக்கியம்தான் சொல்லும்.

உறுதியின் பக்கம் வந்தால் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 'ஹீ இஸ் ஷ்யூர் டு வின்', 'ஹீ இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்' இரண்டையும் பாருங்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவதற்கு 'அவன் ஜெயிப்பது உறுதி' என்று பொருள். உறுதி சொல்வது நான், அவனுக்கு அந்த எண்ணமே இல்லாமல் இருக்கலாம், அவன் பயந்து நடுங்கிக்கொண்டுகூட இருக்கலாம். இரண்டாவது, 'ஜெயிப்போம் என்று அவன் உறுதியாக இருக்கிறான்'. இங்கே நம்பிக்கை அவனுடையது, நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருக்கலாம். 'செர்ட்டன்' போட்டாலும் இதே கதைதான். 'டு' வந்தால் பேசுகிறவரின் உறுதி, 'ஆஃப்' அல்லது 'தட்' வந்தால் எழுவாயின் உறுதி. 'பீ ஷ்யூர் டு...' என்கிற ஏவலை விட்டுவிட்டால், ஆள் எழுவாயாக நிற்கும் இடங்களில் எனக்குத் தெரிந்து இதற்கு விதிவிலக்கு கிடையாது. தேர்தல் செய்திகளை மொழிபெயர்க்கும்போது இது புரளும் அளவுக்கு வேறெதுவும் புரண்டு நான் பார்த்ததில்லை. வேட்பாளர் தோற்பது உறுதி என்று ஆங்கில நிருபர் எழுதியது, தோற்போம் என்று வேட்பாளர் உறுதியாக நம்புவதாகத் தமிழில் வந்துவிடும்.

'ஷ்யூர்', 'செர்ட்டன்' இரண்டுக்கும் இடையில் வேறுபாடு உண்டா என்றால், ஆளுக்குப் போடும்போது ஏறத்தாழ ஒன்றுதான். விஷயத்துக்குப் போடும்போது பிரிந்துவிடும். 'இட் இஸ் செர்ட்டன் தட்...' என்று தொடங்கலாம். 'இட் இஸ் ஷ்யூர் தட்...' என்று ஆங்கிலேயர் எழுதுவதில்லை, நாம்தான் எழுதுகிறோம். அப்புறம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'செர்ட்டன்' பெரும்பாலும் உறுதியைக் குறிப்பதே இல்லை. 'அண்டர் செர்ட்டன் கண்டிஷன்ஸ்' என்றால் 'சில நிபந்தனைகளின் பேரில்'. அதை 'உறுதியான நிபந்தனைகளின் கீழ்' என்று எழுதிய ஒப்பந்தங்களை நான் திருத்தியிருக்கிறேன், ஒன்றிரண்டு அல்ல. 'எ செர்ட்டன் மிஸ்டர் குமார்' என்றால் 'குமார் என்று யாரோ ஒருவர்'. உறுதியைச் சொல்ல வந்த சொல் கடைசியில் 'யாரோ' ஆகிவிட்டது, பாருங்கள்.

இனி, நம்மவர்கள் அதிகம் விழுகிற பள்ளத்துக்கு வருவோம்: 'டவுட்' என்ற வினைச்சொல். சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்காரர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'ஐ டவுட் த இன்வாய்ஸ் இஸ் ராங்' என்று எழுதினார். அவர் சொல்ல நினைத்தது, இன்வாய்ஸ் தப்பு என்று தோன்றுகிறது. வாடிக்கையாளர் படித்தது, இன்வாய்ஸ் தப்பாக இருக்கும் என்று நான் நம்பவில்லை, அதாவது சரியாகத்தான் இருக்கும். அவர் நன்றி சொல்லிவிட்டுப் பணத்தை அனுப்பிவிட்டார், தப்பான தொகையை. திரும்ப வாங்கவும் கொடுக்கவும் இரண்டு மாதம் ஆனது. கடிதப் போக்குவரத்து முழுவதும் என் மேஜைக்கு வந்ததால் எனக்கு இந்தக் கதை தெரியும்.

ஆங்கிலத்தில் 'டவுட்' என்றால் நம்பாமை, 'சஸ்பெக்ட்' என்றால் அரைகுறையாக நம்புதல். நமக்கு இரண்டும் 'சந்தேகம்'தான். ஆனால் தமிழில் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அது வினையின் வாலில் இருக்கிறது. 'அவன் எடுத்திருப்பானா என்று சந்தேகம்' என்றால் எடுத்திருக்க மாட்டான் என்கிற பக்கம் சாய்கிறோம், இது 'டவுட்'. 'அவன்தான் எடுத்தான் என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான் என்கிற பக்கம், இது 'சஸ்பெக்ட்'. 'அவன் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்' என்றாலும் 'சஸ்பெக்ட்'தான், கொஞ்சம் தயக்கத்தோடு. ஆக, ஆகாரம் வந்தால் 'டவுட்', ஓகாரமோ வெறும் 'என்று' மட்டுமோ வந்தால் 'சஸ்பெக்ட்'. எழுதுவதற்கு முன் வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து அந்த வாலைக் கவனியுங்கள். ஆகாரத்தைப் பொறுத்தவரை சூழலைப் பார்த்துதான் நடக்க வேண்டும். 'வருவானா என்று சந்தேகம்' என்பதில் உண்மையாகவே தெரியாத நிலையும் உண்டு, அப்போது 'நாட் ஷ்யூர்' பொருத்தம். ஆனால் ஓகாரத்தை 'டவுட்' ஆக்கினால் இன்வாய்ஸ்காரர் கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் தப்பாகப் பயன்படுத்தும் இந்த 'டவுட்' ஒரு காலத்தில் நல்ல ஆங்கிலம். 400 ஆண்டுகளுக்கு முன் 'டவுட்' என்றால் 'அஞ்சுகிறேன், இப்படி இருக்குமோ என்று தோன்றுகிறது' என்ற பொருளும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தந்தையின் ஆவி நடமாடுவதைக் கேள்விப்பட்டு 'ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே' என்கிறான். ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறான், நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றால் மழை வரும்போலிருக்கிறது என்று பொருள். லண்டன்காரருக்கு அதே வாக்கியம் மழை வராது. 'ரிடவுட்டபிள்' என்றால் அஞ்சத்தக்க வலிமை உடையவர் என்று பொருள் வருவதும் அந்தப் பழைய அச்சத்தின் மிச்சம்தான். இதையெல்லாம் கணக்குப் பிரிவுக்காரருக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் அது தப்பு.

'டவுட்' என்ற பெயர்ச்சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று வகுப்பில் கை தூக்குவது இந்தியா முழுக்க இருக்கிறது. நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், அதைத் தப்பென்று நான் திருத்துவதில்லை. வெளிநாட்டு ஆசிரியரிடம் மட்டும் 'கொஸ்டின்' என்று சொல்லுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் தியரி' என்றால் அவர் காதில் 'உங்கள் கோட்பாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை' என்று விழும். ஐயம் என்ற தமிழ்ச் சொல்லுக்கே பிச்சை என்று இன்னொரு பொருள் உண்டு. 'ஐயம் இட்டு உண்' என்று ஔவை சொன்னதைச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுச் சாப்பிடு என்று ஒருவர் புரிந்துகொண்டால் எப்படியிருக்கும், அப்படித்தான் அதுவும். 'டவுட்டிங் தாமஸ்' என்ற தொடரும் இந்தக் குடும்பம்தான். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமாவைக் குறித்தது. அவர் இந்தியாவுக்கு வந்து சென்னையில் உயிர்நீத்தார் என்பது மரபு. பரங்கிமலைக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான்.

வினையடைகளில் 'செர்ட்டன்லி', 'டெஃபனிட்லி' இரண்டும் நேர்மையானவை, நிச்சயம் என்றால் நிச்சயம். 'ஷ்யூர்லி' அப்படி இல்லை. 'ஹீ வில் செர்ட்டன்லி கம்' என்றால் 'நிச்சயமாக வருவார்'. 'ஷ்யூர்லி ஹீ வில் கம்' என்றால் 'வராமலா போய்விடுவார்?', 'வந்துவிடுவார், இல்லையா?'. கேட்பவர் ஆமாம் போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும், எங்கே வராமல் போய்விடுவாரோ என்ற உள்கவலையும் அதில் இருக்கின்றன. உறுதி குறையும்போதுதான் 'ஷ்யூர்லி' வாயில் வருகிறது என்றுகூடச் சொல்வேன். 'வில் யூ கம்?' என்று கேட்டால் 'ஷ்யூர்லி' என்று நம்மவர்கள் பதில் எழுதுகிறார்கள். 'ஷ்யூர்' அல்லது 'செர்ட்டன்லி' போதும்.

'நோ டவுட்' இதைவிட ஏமாற்றுக்காரச் சொல். பார்த்தால் சந்தேகமே இல்லை என்கிறது. ஆனால் 'நோ டவுட் ஹீ இஸ் க்ளெவர்' என்று தொடங்கினால் அடுத்து ஒரு 'பட்' வரப்போகிறது என்று அர்த்தம். நம் 'கெட்டிக்காரர்தான், ஆனால்' மாதிரி. 'நோ டவுட் ஹீ இஸ் டயர்ட்' என்றால் 'களைப்பாக இருப்பார்' என்ற ஊகம், அவ்வளவே. 'டவுட்லெஸ்' அதற்குத் தம்பி. உண்மையிலேயே சந்தேகமில்லை என்றால் 'அன்டவுட்டட்லி' அல்லது 'வித்தவுட் டவுட்'. 'இன்டூபிடபிளி' என்று ஒன்று உண்டு, அதை இன்று எழுதினால் கொஞ்சம் சிரிப்பு வரும். அதேபோல 'பாஸிபிளி' நிற்கும் இடத்தைப் பாருங்கள். 'ஐ பாஸிபிளி கான்ட் கம்' என்றால் ஒருவேளை வர முடியாமல் போகலாம். 'ஐ கான்ட் பாஸிபிளி கம்' என்றால் வரவே முடியாது. ஒரு சொல் ஓரடி நகர்ந்ததும் தயக்கம் கதவடைப்பாகிவிட்டது.

இப்போது 'எவ்வளவு' என்ற கேள்விக்கு வரலாம். 'பாஸிபிள்' என்றால் நடக்க இடமுண்டு, 'லைக்லி', 'ப்ராபபிள்' என்றால் நடக்காததைவிட நடப்பதற்கே கூடுதல் இடமுண்டு. நம் செய்தித் தமிழில் இரண்டுக்கும் 'வாய்ப்புள்ளது' என்று ஒரே முத்திரை குத்துகிறோம். நான் 'லைக்லி'க்குப் 'பெரும்பாலும்' என்றும் 'பாஸிபிள்'ளுக்குக் 'கூடும்' அல்லது '-லாம்' என்றும் பிரித்துக்கொள்கிறேன். இந்த அளவுச் சொற்கள் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே வழுக்கியவை என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சாட்சி இருக்கிறது. 1951-ல் சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்குமா என்று அமெரிக்க உளவுத்துறை ஒரு மதிப்பீடு எழுதியது. தாக்குதல் ஒரு 'சீரியஸ் பாஸிபிலிட்டி' என்று அதில் இருந்தது. அந்தப் பிரிவில் இருந்த ஷெர்மன் கென்ட், தாக்குவதற்கு 65, தாக்காமல் இருப்பதற்கு 35 என்ற எண்ணத்தில் இருந்தார். அறிக்கையைச் சேர்ந்து எழுதியவர்களைக் கேட்டபோது ஒருவர் 80-க்கு 20 என்றார், மற்றொருவர் 20-க்கு 80 என்றார். எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குத் தலையாட்டியிருந்தார்கள். நொந்துபோன கென்ட் 1964-ல் 'ஆல்மோஸ்ட் செர்ட்டன்' என்றால் சுமார் 93 சதவீதம், 'ப்ராபபிள்' என்றால் சுமார் 75 என்று ஒரு அளவுகோலே எழுதினார்.

அதே வழியில் போனது ஐபிசிசி என்னும், பருவநிலை மாற்றத்துக்கான உலக அரசுகளின் குழு. அவர்கள் அறிக்கையில் 'லைக்லி' என்றால் 66 சதவீதத்துக்கு மேல், 'வெரி லைக்லி' 90-க்கு மேல், 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' 95-க்கு மேல், 'வர்ச்சுவலி செர்ட்டன்' 99-க்கு மேல். புவி சூடாவதற்கு மனிதர்கள் காரணமா என்பதைப் பற்றி அவர்கள் எழுதிய வாக்கியம் ஒவ்வொரு அறிக்கையிலும் கொஞ்சம் மாறினாலும், அதிலுள்ள அடைமொழியை மட்டும் உருவி எடுத்துப் பார்த்தால் போதும்: 2001-ல் 'லைக்லி', 2007-ல் 'வெரி லைக்லி', 2013-ல் 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி'. 2021-ல் அளவுகோலையே தாண்டி 'அன்ஈக்விவகல்', ஐயத்துக்கு இடமில்லை. இருபது வருட அறிவியல் நான்கு அடைமொழியில் ஏறி நிற்கிறது. இதைத் தமிழாக்கும்போது நான்கு இடத்திலும் 'வாய்ப்புள்ளது' என்று போட்டால் அந்த ஏற்றம் முழுதும் தரைமட்டம்.

'லைக்லி'யின் வடிவமும் ஒரு தொல்லை. 'லி'யில் முடிந்தாலும் அது பெயரடைதான். 'ஹீ இஸ் லைக்லி டு கம்' சரி. 'ப்ராபபிள்', 'பாஸிபிள்' இரண்டும் ஆளை எழுவாயாக ஏற்காது. 'ஹீ இஸ் பாஸிபிள் டு கம்' தப்பு. 'இட் இஸ் பாஸிபிள் தட் ஹீ வில் கம்' என்றால் வரக்கூடும். 'இட் இஸ் பாஸிபிள் ஃபார் ஹிம் டு கம்' என்றால் அவரால் வர முடியும், அது வேறு விஷயம். 'ஹீ வில் லைக்லி கம்' என்று வினையடையாகப் போடுவது அமெரிக்காவில் சகஜம். பிரிட்டிஷ் காதுக்கு 'வெரி' அல்லது 'மோஸ்ட்' சேர்ந்தால்தான் இதமாக இருக்கும். இது மாறிக்கொண்டிருக்கிற வழக்கு, நான் இப்போது திருத்துவதை விட்டுவிட்டேன். 'டவுட்'டுக்குப் பின் 'வெதர்' (வானிலை அல்ல, 'ஆ, இல்லையா' என்ற பொருள் தரும் சொல்) வர வேண்டுமா 'தட்' வர வேண்டுமா என்பதும் அப்படியே. பழைய புத்தகங்கள் சந்தேகித்தால் 'வெதர்', சந்தேகிக்காவிட்டால் 'தட்' என்று பிரிக்கும். இன்று 'ஐ டவுட் தட்' தாராளமாக எழுதுகிறார்கள். 'டோன்ட் டவுட் வெதர்' மட்டும் இன்னும் உறுத்துகிறது.

மற்ற வடிவங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'டவுட்'டில் ஒலிக்காத ஒரு 'பி' எழுத்து இருக்கிறதே, அது பிரெஞ்சிலிருந்து வந்தபோது கிடையாது. லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பண்டிதர்கள் பின்னால் செருகியது. அந்த லத்தீன் சொல்லின் வேரில் 'இரண்டு' இருக்கிறது, நாம் 'ரெண்டு மனசா இருக்கு' என்கிறோமே அதே எண்ணம். 'செர்ட்டன்'னின் பெயர்ச்சொல் 'செர்ட்டன்டி'. 'செர்ட்டிட்யூட்' என்றால் மனசுக்குள் இருக்கும் அசையாத நம்பிக்கை, அது உண்மைக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. 'ஷ்யூர்'ரின் பெயர்ச்சொல் என்று நினைத்து 'ஷ்யூரிட்டி' எழுதாதீர்கள், அது இன்று பெரும்பாலும் ஜாமீன், ஜாமீன்தாரர் என்ற பொருளில்தான் வருகிறது. 'அப்பரன்ட்' ஒரு இரண்டுங்கெட்டான். தெளிவாகத் தெரிவது என்றும் பொருள், வெளித்தோற்றத்துக்கு மட்டும் அப்படித் தெரிவது என்றும் பொருள். அரசுரிமை பேச்சில் முதல் பொருள்: 'ஏர் அப்பரன்ட்' என்றால் புதிதாக யார் பிறந்தாலும் இடம் பறிபோகாத வாரிசு, 'ஏர் ப்ரிசம்ப்டிவ்' என்றால் பிறந்தால் பறிபோகக்கூடியவர். இரண்டாம் எலிசபெத் 1936 முதல் 1952-ல் அரியணை ஏறும்வரை இரண்டாவது வகைதான், ஒரு தம்பி பிறந்திருந்தால் அவருக்குப் போயிருக்கும். ஆனால் 'அப்பரன்ட்லி' என்று வினையடையானதும் அந்தத் தெளிவெல்லாம் போய், நம் '-ஆம்' விகுதியாகிவிடுகிறது. 'அப்பரன்ட்லி ஹீ ரிசைன்ட்' என்றால் 'ராஜினாமா பண்ணிவிட்டாராம்'. இதைவிடப் பொருத்தமான தமிழை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கவனித்தீர்களா, தமிழ் இந்த வேலையையெல்லாம் விகுதியிலும் இடைச்சொல்லிலும்தான் செய்கிறது. தொல்காப்பியம் 'கொல்லே ஐயம்' என்று ஐயத்துக்கென்றே ஒரு இடைச்சொல்லைச் சொல்கிறது. ஏகாரத்துக்குத் தேற்றம், அதாவது உறுதி, ஒரு பொருள். உம்மைக்கு ஐயம் ஒரு பொருள். 'வந்தாலும் வருவான்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த உம்மைதான். 'வருவான்', 'வரலாம்', 'வந்தாலும் வருவான்', 'வருவான் போலிருக்கிறது', 'வருவானாம்' என்று ஐந்தையும் குழப்பமே இல்லாமல் பேசுகிறோம். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது மட்டும் இவற்றை 'சந்தேகம்' என்ற ஒரு மூட்டையில் கட்டி, அதற்கு 'டவுட்' என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம்.

சரி, உங்கள் மின்னஞ்சல். அந்த எண் தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் 'ஐ சஸ்பெக்ட் திஸ் ஃபிகர் இஸ் ராங்' என்று எழுதுங்கள். சரியா தப்பா என்று உண்மையிலேயே தெரியாவிட்டால் 'ஐ ஆம் நாட் ஷ்யூர் திஸ் ஃபிகர் இஸ் ரைட்'. பிரிட்டிஷ்காரர்கள் 'தப்பு' என்பதை மரியாதையாகச் சொல்வதற்கும் இதையே பயன்படுத்துவார்கள், அதனால் கைவசம் இருக்கட்டும். நீங்கள் எழுதிய 'டவுட்ஃபுல்' இலக்கணப்படி சரி, தினசரி மின்னஞ்சலுக்குக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். மேலாளர் சொன்ன 'டூபியஸ்' மட்டும் வேண்டாம், அதுவும் அந்தக் கணக்கைப் போட்டவர் மின்னஞ்சலின் நகல் பட்டியலில் இருந்தால்.